“லைப்ரரில ஒண்டுமே இல்ல டீச்சர்”: பல்கலைக்கழகம் சென்ற எமது பிள்ளைகள் எப்படித் தேடுகிறார்கள்?

கடந்த நோன்புப் பெருநாள் விடுமுறையில் எனது பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்திருந்தாள். சாதாரண தரம் வரை என்னிடம் தமிழ் படித்தவள். இப்போது ஒரு பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் இறுதியாண்டு. பலகாரம் சாப்பிட்டு, வீட்டுச் சுகம் எல்லாம் விசாரித்து முடிந்ததும் பையிலிருந்து லெப்டொப்பை எடுத்து வைத்தாள். ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பிவிட்டாராம். மொழிப் பிழைகளை நான் பார்த்துத் தரவேண்டும் என்பதுதான் அவளது கோரிக்கை.

தலைப்பு மருதமுனையின் கைத்தறி நெசவு. அவளது உம்மாவின் ஊர் அது. வாசித்துக்கொண்டு போனேன். மொழிப் பிழை அவ்வளவு இல்லை. ஆனால் இருபத்தாறு பக்க அத்தியாயத்தில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவு எட்டுப் பக்கம், கைத்தறியின் பொதுவான வரலாறு பத்துப் பக்கம். மருதமுனை இரண்டே பக்கம்.

“காஞ்சிபுரம் எதுக்கு பிள்ள?” என்று கேட்டேன்.

“கூகுள்ள அதுதான் டீச்சர் வருது.”

“லைப்ரரில பாக்கலயா?”

“லைப்ரரில ஒண்டுமே இல்ல டீச்சர். கம்பியூட்டர்ல மருதமுனை எண்டு அடிச்சுப் பாத்தன். சைபர் எண்டு வந்திச்சு.”

அந்தச் சைபரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மூன்று நாட்கள் மாலை நேரங்களில் அவளோடு உட்கார்ந்து, அவள் எங்கே தேடினாள், எதை எடுத்தாள், எதை விட்டாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பிறகு ஊரில் நின்ற இன்னும் நான்கைந்து பல்கலைக்கழக மாணவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்டேன். இது ஆய்வு அல்ல. ஒரு பாடசாலை ஆசிரியை தனது பிள்ளைகளிடம் கேட்டறிந்தது, அவ்வளவுதான். ஆனால் அவர்கள் சொன்னவை ஒன்றோடொன்று ஆச்சரியப்படும் அளவுக்குப் பொருந்தின.

ஓர் ஒப்படை கிடைத்ததும் பிள்ளைகள் முதலில் போவது நூலகத்துக்கு அல்ல, கூகுளுக்கும் அல்ல. பெட்ச் வட்ஸ்அப் குழுவுக்கு. சீனியர்கள் விட்டுச் சென்ற டியூட், பழைய ஒப்படைகள், யாரோ எப்போதோ அனுப்பிய பீ.டி.எப். கோப்புகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. அது போதாவிட்டால் கூகுள். அதிலும் முதல் பக்கம் மட்டும். விக்கிபீடியாவை வாசிப்பார்கள், ஆனால் உசாத்துணைப் பட்டியலில் போடமாட்டார்கள். விரிவுரையாளர் ஏசுவார் என்று தெரியும். பிறகு செயற்கை நுண்ணறிவுச் செயலி. நூலகம் கடைசி. அங்கே போவதும் பரீட்சைக் காலத்தில் அமைதியாக இருந்து படிக்க. புத்தகம் தேட அல்ல.

இதைக் கேட்டதும் “இந்தக் காலத்துப் பிள்ளைகள் சோம்பேறிகள்” என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பிறகு எனது கலாசாலைக் காலம் நினைவுக்கு வந்தது. ஆசிரியர் கலாசாலையின் இரண்டாம் வருடத்தில் நாங்கள் ஒரு செயற்றிட்டம் சமர்ப்பிக்க வேண்டும். அப்போது எங்களிடம் இணையம் இல்லை. நான் செய்தது என்னவென்றால், எனக்கு முந்திய அணியிலிருந்த ஓர் அக்காவின் செயற்றிட்டத்தை வாங்கி, பாடசாலையின் பெயரையும் அட்டவணை எண்களையும் மாற்றி எழுதியதுதான். கலாசாலை நூலகம் எங்கள் வகுப்பறையிலிருந்து ஐம்பது அடி தூரம்கூட இல்லை. வட்ஸ்அப் வரமுன்னரே நாங்கள் எல்லோரும் அந்தக் குழுவில்தான் இருந்திருக்கிறோம்.

மனிதன் கைக்கெட்டியதையே முதலில் எடுப்பான் என்பது நூலகவியல் படித்தவர்களுக்குப் பழைய செய்தி. அமெரிக்க மொழியியல் அறிஞர் ஜோர்ஜ் ஸிப்ப் 1949இல் எழுதிய நூலில் இதனை ‘மிகக் குறைந்த முயற்சியின் கோட்பாடு’ என்று அழைத்தார். சிறந்த தகவல் தூரத்திலும் போதுமான தகவல் பக்கத்திலும் இருந்தால், பெரும்பாலானோர் பக்கத்தில் இருப்பதோடு திருப்திப்படுவர். பேராசிரியர்களும் இதற்கு விலக்கல்ல. எனவே சோம்பலைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. நூலகம் ஏன் எமது பிள்ளைகளுக்கு இவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

முதலாவது காரணம் பயம். இதை அந்தப் பிள்ளை நேரடியாகச் சொல்லவில்லை. “அங்க இருக்கிறவங்களிட்ட என்னெண்டு கேக்கிற டீச்சர்? ஃபைனல் இயர் வந்தும் தெரியாதா எண்டு நினைப்பாங்க” என்றாள். கொன்ஸ்டன்ஸ் மெலன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. இரண்டு வருட காலமாக 6,000 பல்கலைக்கழக மாணவர்கள் தமது தேடல் அனுபவத்தை எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் 75 முதல் 85 வீதமானோர் நூலகத்தைப் பற்றிய தமது முதல் உணர்வை அச்சம் சார்ந்த சொற்களிலேயே விபரித்திருந்தார்கள். கட்டடம் பெரிது, எது எங்கே என்று தெரியாது, எப்படித் தொடங்குவது என்று தெரியாது. மற்ற எல்லோருக்கும் தெரியும், தனக்கு மட்டும்தான் தெரியாது என்ற நினைப்பு. கேட்டால் அந்த வெட்கம் வெளிப்பட்டுவிடும், எனவே கேட்பதில்லை. மெலன் இதற்கு ‘நூலகப் பதற்றம்’ என்று பெயர் வைத்தார். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட அமெரிக்கப் பிள்ளைகளுக்கே இந்த நிலை என்றால், பதின்மூன்று வருடம் தமிழ் மொழிமூலம் படித்துவிட்டு ஆங்கில நூல்கள் நிறைந்த இறாக்கைகளுக்கு முன்னால் போய் நிற்கும் பிள்ளையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது காரணம்தான் அந்தச் சைபர். இதை எனக்கு விளக்கியவர் எனது உறவினர் ஒருவர். நூலகத்துறையில் வேலை செய்பவர். தொலைபேசியில் அரை மணித்தியாலம் பேசினார். அவர் சொன்னதை எனக்கு விளங்கிய விதத்தில் எழுதுகிறேன்.

கூகுளும் நூலகக் கணினிப் பட்டியலும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன. ஒரு பெட்டி, அதில் சொல்லை அடித்தால் விடை வரும். ஆனால் இரண்டும் செய்யும் வேலை வேறு. கூகுள் பக்கங்களின் உள்ளே இருக்கும் சொற்களைத் தேடுகிறது. நூலகப் பட்டியல் பொதுவாகப் புத்தகத்தின் உள்ளே பார்ப்பதில்லை. நூலின் பெயர், ஆசிரியர் பெயர், பதிப்பு விபரம், நூலகர் கொடுத்த இரண்டு மூன்று பொருட்தலைப்புகள் ஆகியவை அடங்கிய ஒரு சிறிய பதிவு இருக்கும். தேடல் நடப்பது அதற்குள்தான். முந்நூறு பக்க நூலொன்றில் மருதமுனையைப் பற்றி இருபது பக்கம் இருந்தாலும், தலைப்பில் மருதமுனை இல்லாவிட்டால் பட்டியல் சைபர் என்றுதான் சொல்லும். “இந்தப் பெயரோடு ஒரு நூல் இல்லை” என்பதுதான் அந்தச் சைபரின் பொருள். “இதைப் பற்றி எதுவும் இல்லை” என்று பிள்ளை அதை விளங்கிக்கொள்கிறாள்.

ஆகவே கூகுளில் தேடும்போது சொல்லைக் குறுக்க வேண்டும், நூலகப் பட்டியலில் தேடும்போது விரிக்க வேண்டும். மருதமுனை இல்லையா, கிழக்கு மாகாணம். அதுவும் இல்லையா, இலங்கையின் நெசவுக் கைத்தொழில், குடிசைக் கைத்தொழில், இலங்கை முஸ்லிம்கள். இந்த ஒரு விடயத்தை யாராவது முதலாம் வருடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தப் பிள்ளை காஞ்சிபுரம் போயிருக்கமாட்டாள்.

சொல்லை விரிப்பது மட்டும் போதாது, காலத்துக்கேற்ப மாற்றவும் வேண்டும். எமது வரலாற்றைத் தேடும் எந்த மாணவனும் தெரிந்திருக்க வேண்டிய விடயம் இது. அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது 1961இல். அதற்கு முந்திய எந்த ஆவணத்திலும் மருதமுனையும் கல்முனையும் மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்தான் இருக்கும். நாடு ‘ஸ்ரீ லங்கா’ ஆனது 1972இல். அதற்கு முன்னர் ‘சிலோன்’. எம்மை ஆங்கிலத்தில் ‘முஸ்லிம்ஸ்’ என்பதைவிட ‘மூர்ஸ்’, ‘மூர்மென்’ என்றே பழைய நூல்களும் குடிசன மதிப்பீடுகளும் எழுதின. தமிழில் சோனகர். பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் எம்மைப் பற்றி எழுதிய சர்ச்சைக்குரிய கட்டுரையும், அதற்கு ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் கொடுத்த மறுப்பும் எமது சமூக வரலாற்றின் அடிப்படை ஆவணங்கள். இரண்டின் தலைப்பிலும் இருப்பது ‘மூர்ஸ் ஒப் சிலோன்’. ‘ஸ்ரீ லங்கா’, ‘முஸ்லிம்’ என்ற இரு சொற்களையும் போட்டுத் தலைப்பில் தேடும் மாணவனுக்கு இந்த இரண்டும் கண்ணில் படமாட்டா.

ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொரு தலையிடி. மருதமுனையில் வரும் ‘த’வுக்கு ‘ரீ-எச்’ போட்டவர்கள் இருக்கிறார்கள், ‘டீ’ போட்டவர்கள் இருக்கிறார்கள், வெறும் ‘ரீ’யோடு விட்டவர்களும் இருக்கிறார்கள். எல்லாவற்றையும் அடித்துப் பார்க்க வேண்டும். தமிழ் நூல்களின் தலைப்பைச் சில நூலகங்கள் தமிழ் எழுத்திலேயே பதிந்திருக்கும், சில ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கும். தமிழில் அடித்துக் கிடைக்காத நூல் ஆங்கில எழுத்தில் அடித்தால் கிடைக்கலாம். புத்தகம் இறாக்கையில் இருக்கிறது, பதிவும் கணினியில் இருக்கிறது, இடையில் ஓர் எழுத்து மட்டும் பொருந்தவில்லை.

இரண்டாம் நாள் மாலை ஒரு தாளை எடுத்து இரண்டு கோடு போட்டோம். ஒரு பக்கம் தமிழ்ச் சொற்கள்: கைத்தறி, நெசவு, சாரன், சோனகர், மட்டக்களப்பு. மறுபக்கம் ஆங்கிலம். எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளோடு சேர்த்து இருபத்தொரு சொல் வந்தது. அவள் மூன்று மாதமாகத் தேடிக்கொண்டிருந்தது இரண்டே சொற்களில்.

மூன்றாவது விடயம் இறாக்கை. எமது நாட்டு நூலகங்கள் பலவற்றில் தூயி தசமப் பகுப்புமுறைதான் பாவனையில் இருக்கிறது. இந்த முறையில் ஒவ்வொரு துறைக்கும் ஓர் இலக்கம். இஸ்லாம் 297, தமிழ் இலக்கியம் 894.811, இலங்கை வரலாறு 954.93. மாணவர்கள் இந்த இலக்கத்தைப் புத்தகத்தின் முகவரியாக மட்டும் பார்க்கிறார்கள். உண்மையில் அது ஒரு தெருவின் பெயர். அந்தத் தெருவில் இருப்பவர்கள் எல்லோரும் உறவினர்கள். ஒரு நூலை எடுக்கப் போனால் இடப்பக்கம் ஐந்து, வலப்பக்கம் ஐந்து நூல்களையும் பார்த்துவிட்டு வரவேண்டும். ஆனால் ஒரு சிக்கல். நெசவு ஒரே தெருவில் இல்லை. நெசவுத் தொழில்நுட்பம் 677இல், கைவினையாக நெசவு 746இல், கைத்தொழிற் பொருளாதாரமாக அது 338இல், ஊரின் வரலாறாக 954.93இல். அவள் நான்கு இடத்துக்கும் நடக்க வேண்டும். அவள் ஓர் இடத்துக்கும் நடக்கவில்லை. கணினி சைபர் என்றதும் திரும்பிவிட்டாள்.

நூலகவியலில் உலகப் புகழ் பெற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழியில் பிறந்த தமிழர், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. நூலகத்துக்குள் மூன்று மாதத்தை வீணாக்கிய பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த விதிதான் நினைவுக்கு வந்தது. நூலகரிடம் பத்து நிமிடம் கேட்டிருந்தால் அந்த மூன்று மாதம் மிஞ்சியிருக்கும். உசாத்துணைப் பகுதியில் இருப்பவருக்குச் சம்பளம் கொடுப்பதே இதற்காகத்தான் என்பது மாணவர்கள் பலருக்குத் தெரியாது. புத்தகத்துக்கு முத்திரை குத்துபவர் என்றே நினைத்திருக்கிறார்கள்.

இனி, தேடிக் கிடைத்தவற்றில் எதைத் தெரிவு செய்கிறார்கள் என்ற கேள்வி. அவளது உசாத்துணைப் பட்டியலில் பத்தொன்பது இருந்தன. ஒவ்வொன்றையும் காட்டி, “இதை ஏன் எடுத்தாய்?” என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னாள். இலவசமாகத் தரவிறக்கலாம். ஆங்கிலம் இலகு. பதினைந்து பக்கத்துக்குள் முடிகிறது. சீனியர் ஒருவரின் ஆய்வேட்டிலும் இருந்தது. ‘புதிய வெளியீடுகள் வேண்டும்’ என்று வகுப்பில் சொன்னார்கள், இது 2021. யார் எழுதியது, அவர் அந்த ஊருக்குப் போனவரா, தரவு எங்கிருந்து வந்தது என்ற காரணங்கள் பத்தொன்பதில் ஒன்றுக்கும் வரவில்லை.

‘புதியது வேண்டும்’ என்பது மருத்துவத்துக்கும் கணினிக்கும் சரி. ஊரொன்றின் நெசவு வரலாற்றுக்கு அது பொருந்துமா? எஸ்.ஓ. கனகரத்தினம் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1921இல் வெளியானது. வீ.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964. இவற்றில் நெசவு பற்றி இருக்கிறதா இல்லையா என்பது திறந்து பார்த்த பிறகு சொல்லவேண்டியது. பழையது என்பதற்காகத் திறக்காமலே விடுவது வேறு.

இங்கே ஒரு முரண்பாட்டையும் சொல்லவேண்டும். அன்று வந்திருந்த மாணவர்களில் ஒருவர் இஸ்லாமியக் கற்கை பயில்பவர். ஒரு ஹதீஸைக் கேட்டால் அறிவிப்பாளர் யார், அவர் யாரிடம் கேட்டார், சங்கிலியில் விடுபட்ட இடம் உண்டா, எந்தத் தரம் என்று அழகாக விளக்குவார். அதே பிள்ளையின் ஒப்படையில் எழுதியவர் பெயரோ ஆண்டோ இல்லாத ஒரு பீ.டி.எப். உசாத்துணையாக இருந்தது. நான் அதைக் காட்டியபோது முதலில் சிரித்தார், பிறகு யோசித்தார். “ஹதீஸ் எண்டா பயம் டீச்சர், அசைன்மென்ட்டுக்கு அந்தப் பயம் இல்ல” என்றார். இஸ்னாத் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு மூலத்தைச் சரிபார்க்கும் முறையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அது ஹதீஸ் வகுப்போடு நின்றுவிடுவதுதான் பிரச்சினை.

செயற்கை நுண்ணறிவுச் செயலியும் அந்தச் சங்கிலி அறுந்த இடம்தான். எனது மாணவியின் பத்தொன்பதில் ஐந்து அப்படி ஒரு செயலி கொடுத்தவை. தலைப்பு, சஞ்சிகையின் பெயர், தொகுதி எண், பக்க எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தோம். சஞ்சிகைகள் உண்மையானவை. ஆனால் இரண்டு கட்டுரைகள் உலகத்தில் எங்குமே இல்லை. அந்தப் பக்க எண்ணில் வேறொருவரின் வேறொரு கட்டுரை இருந்தது. இந்தச் செயலிகள் புத்தகத்தைப் பார்த்து விடை சொல்பவை அல்ல. அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்து வசனம் அமைப்பவை. உசாத்துணை எப்படி இருக்கும் என்பது அவற்றுக்குத் தெரியும், எனவே அதுபோல ஒன்றைச் செய்துவிடுகின்றன. இணையத்தில் தேடிச் சொல்லும் செயலிகள் இப்போது வந்திருக்கின்றன. அவற்றிலும் மூலத்தைத் திறந்து பார்க்காமல் எடுக்க முடியாது. சொற்பட்டியல் தயாரிக்கவும், கடினமான ஆங்கிலப் பந்தியை விளங்கிக்கொள்ளவும் அவை உதவும் என்பதையும் மறைக்கக்கூடாது. எமது இருபத்தொரு சொல்லில் மூன்று அங்கிருந்து வந்தவை. அவள் அந்த இரண்டு கட்டுரைகளையும் அழித்தபோது முகம் வெளுத்திருந்தது. மேற்பார்வையாளர் அவற்றைத்தான் கண்டுபிடித்தாரோ என்னவோ.

நல்ல நூல் ஒன்று கிடைத்தால் பாதி வேலை முடிந்தது என்பதை அந்த மூன்று நாளில் நானும் கற்றுக்கொண்டேன். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே கிழக்குக் கரையின் தமிழ், முஸ்லிம் சமூகங்களைப் பற்றி எழுதிய பெரிய நூல் 2008இல் வந்தது. அக்கரைப்பற்றில் தங்கியிருந்து ஆய்வு செய்தவர். அவளது தலைப்புக்கு அது நேரடியான நூல் அல்ல. ஆனால் பின்பக்கத்தில் உள்ள உசாத்துணைப் பட்டியல் ஒரு சிறு நூலகம் மாதிரி. அதில் உள்ள பெயர்களைப் பிடித்துப் பின்னோக்கிப் போகலாம். கூகுள் ஸ்கொலரில் ஒரு நூலின் கீழே அதனை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியல் வரும், அதைப் பிடித்து முன்னோக்கி வரலாம். மார்ஸியா பேட்ஸ் என்ற ஆய்வாளர் 1989இல் இவ்வகைத் தேடலைக் காட்டில் பழம் பொறுக்குவதோடு ஒப்பிட்டார். எமக்கு நாவற்பழம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே மரத்தில் கூடை நிறையாது. ஒரு மரத்தடியில் பொறுக்கும்போதுதான் அடுத்த மரம் கண்ணில் படும், போகப் போக எந்தப் பழம் வேண்டும் என்ற எண்ணமும் மாறும்.

இந்த எண்ணம் மாறும் கட்டம்தான் மாணவர்களை மிகவும் பயமுறுத்துகிறது. தலைப்பைத் தெரிவு செய்த மகிழ்ச்சியோடு தேடத் தொடங்குவார்கள். கொஞ்சம் வாசித்ததும் ஒன்றுக்கொன்று முரணான தகவல்கள் வந்து குழப்பம் கூடும். கெரல் குல்தாவ் என்ற அமெரிக்கப் பேராசிரியை பாடசாலை மாணவர்களிடம் தொடங்கிச் செய்த ஆய்வுகளில், தேடலின் நடுக்கட்டத்தில் நம்பிக்கை குறைவது இயல்பானது என்று காட்டினார். அது தோல்வியின் அடையாளமல்ல, கேள்வி இன்னும் கூர்மையாகவில்லை என்பதன் அடையாளம். பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்வதில்லை. குழம்பியதும் தமக்கு ஆய்வு சரிவராது என்று முடிவு கட்டி, சீனியரின் ஆய்வேட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்தச் சீனியரும் அவருக்கு முந்திய சீனியரிடம் போனவர்தான். இப்படியே போனால் மருதமுனை பற்றிய ஆய்வேடுகளில் காஞ்சிபுரம் நிரந்தரமாகக் குடியேறிவிடும்.

இலவசமாகக் கிடைப்பதுதான் வேண்டும் என்றாலும் எமக்கென்று நல்ல வழிகள் இருக்கின்றன. 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்கள், பத்திரிகைகள், சஞ்சிகைகள், விழா மலர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. முஸ்லிம்களின் ஆவணங்களுக்கென்று தனியான தொகுப்பும் உண்டு. கேட்டுப் பார்த்த பிள்ளைகளில் இரண்டு பேருக்குத்தான் அதன் பெயர் தெரிந்திருந்தது. இலங்கையில் வெளிவரும் ஆய்வுச் சஞ்சிகைகளை ‘ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்’ தளத்தில் வாசிக்கலாம். பல்கலைக்கழகங்கள் தமது ஆய்வரங்கக் கட்டுரைகளைத் தமது இணையக் களஞ்சியங்களில் வைத்திருக்கின்றன. தனது நூலகத்தில் இல்லாத நூலை இன்னொரு நூலகத்திலிருந்து எடுத்துத் தரும்படி நூலகரிடம் கேட்கலாம். இலங்கையில் அச்சாகும் நூல்களின் பிரதிகளைச் சட்டப்படி பெறும் நூலகங்களில் பேராதனைப் பல்கலைக்கழக நூலகமும் ஒன்று. ஒரு நாள் போய் வரலாம். ஆனால் வருடி ஏற்றப்பட்ட பழைய பக்கங்களில் உள்ளே இருக்கும் சொற்களை இணையத் தேடல் எப்போதும் காண்பதில்லை. மலரின் பெயரை ஊகித்து, திறந்து, பக்கம் பக்கமாகத்தான் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் பல்கலைக்கழகத்தின் தலையில் போட்டுவிட்டு நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. எனது பாடசாலையில் ஆறு வருடம் நான்தான் நூலகப் பொறுப்பாசிரியை. புத்தகங்கள் கண்ணாடி அலுமாரிகளுக்குள் இருந்தன. திறப்பு எனது கைப்பைக்குள் இருந்தது. புத்தகம் தொலைந்தால் இருப்பெடுப்பில் நான் பதில் சொல்ல வேண்டும். தொலையாத நூலகம்தான் நல்ல நூலகம் என்று நினைத்தேன். பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று முதுகு அட்டைகளை வாசித்தார்கள். அந்தப் பிள்ளையும் அவர்களில் ஒருத்தி. பதின்மூன்று வருடம் பாடசாலையில் படித்த ஒருத்தி ஒருநாளும் தன் கையால் இறாக்கையிலிருந்து ஒரு நூலைத் தெரிவு செய்ததில்லை என்றால், பல்கலைக்கழக நூலகத்தின் வாசலில் அவள் நடுங்குவதில் எனக்கும் பங்கு உண்டு. உயர்தரத்தில் டியூட்டும் பழைய வினாத்தாளும் போதுமாக இருந்தது. தேடாமலே சித்தியடையலாம் என்று நாங்கள்தான் பழக்கிவிட்டோம்.

இந்தத் தவணையிலிருந்து அலுமாரிகளைப் பூட்டுவதில்லை. தரம் ஒன்பதுக்கு ஒரு சிறு வேலையும் கொடுத்திருக்கிறேன்: ஊரில் உள்ள ஒரு வீதியின் பெயர் எப்படி வந்தது என்று கண்டுபிடித்து, யார் சொன்னது அல்லது எந்த நூலில் இருந்தது என்று எழுதி வரவேண்டும். முதல் வாரத்தில் முப்பத்திரண்டு பேரில் இருபது பேர் ‘கூகுள்’ என்று எழுதி வந்தார்கள். இரண்டாம் வாரம் ஒருவன் தனது அயல்வீட்டு மூதாட்டியின் பெயரையும் வயதையும் எழுதி வந்தான். இதுவரை இரண்டு புத்தகங்கள் தொலைந்திருக்கின்றன.

எனது மாணவி விடுமுறை முடிந்து போய், நூலகரிடம் அந்த இருபத்தொரு சொல்லையும் கொடுத்திருக்கிறாள். அவர் ஏசவில்லையாம். கதிரையை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, இரண்டு மணித்தியாலம் கூடவே இருந்து தேடினாராம். 338ஆம் இறாக்கையில் குடிசைக் கைத்தொழில் பற்றிய பழைய அறிக்கைகள் சில கிடைத்தன. எல்லாவற்றையும்விடப் பெரிய பொருள் நூலகத்துக்கு வெளியே, அவளது உம்மாவின் வாப்பா வீட்டு அலுமாரியில் இருந்தது: நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றின் ஆண்டறிக்கை, ஓரங்கள் செல்லரித்தது. 2004 சுனாமியில் அந்தக் கரையில் எத்தனையோ வீடுகளோடு கடதாசிகளும் போயின. மேல்தட்டில் இருந்ததால் இது தப்பியதாம். அதை எப்படி உசாத்துணையில் எழுதுவது என்று கேட்டு எனக்கு வட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினாள். எனக்குத் தெரியவில்லை. நூலகரிடம் கேள் என்றேன்.

காஞ்சிபுரம் இப்போது அரைப் பக்கம். அறிக்கையை ஸ்கேன் செய்து ‘நூலகம்’ தளத்துக்கு அனுப்புவதற்கு அவளது மாமா சம்மதித்திருக்கிறார். ஆனால் மூலப்பிரதி அந்த அலுமாரியிலேயே இருக்கவேண்டும் என்பது அவரது நிபந்தனை.